குமரிக் கடலோரத்தில் குடியேற வருகிறவர்களுக்கு: உப்பு, மழை, மீன், மனிதர்கள்

குமரி மாவட்டக் கடலோரத்தில் வீடு பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, “ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா?” என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் என்ன நிற்கிறது? ரெண்டு வரிசைத் தென்னையா, நாலு வீடா, வெறும் மணலா? உங்கள் நிம்மதி, மாதச் செலவு, சாமான்களின் ஆயுள் எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துதான் இருக்கிறது.

நான் திருப்பூர்க்காரி. கணவரின் வேலைக்காக இங்கே வந்தோம். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊரில் வாடகைக்கு இருக்கிறோம். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குச் சீருடையும் தைக்கிறேன். ஒரே மாநிலம், ஒரே பாஷை, என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்து வருகிறவர்களுக்குத்தான் இங்கே முதல் வருஷம் ரொம்பச் சிரமம். இங்கே காற்றும் மழையும் பணப்புழக்கமும் கடலைக் கேட்டுத்தான் நடக்கின்றன. வீட்டையும் நாளையும் அதற்குத் தகுந்தபடி அமைத்துக்கொண்டால் பாதி எரிச்சல் வராது. எப்படி அமைத்துக்கொள்வது என்பதைத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

வீடு பார்க்கும்போது

பெரும்பாலானவர்கள் டிசம்பர், ஜனவரி விடுமுறையில் வந்து வீடு பார்க்கிறார்கள். தை மாசத்தில் இந்த ஊர் அத்தனை அழகு. கடல் அமைதியாக இருக்கும், காற்று இதமாக இருக்கும். அதை வைத்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முடிந்தால் ஆனி, ஆடியில் ஒருமுறை வந்து அதே வீட்டைப் பாருங்கள். குமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. கொங்குப் பக்கத்தில் மழைக்காக வானத்தைப் பார்த்துப் பழகினவர்களுக்கு, வருஷத்தில் பாதிக்கு மேல் ஈரத்தோடு வாழ்வது புதுசு. ஆடிச் சாரலில் எந்தச் சுவர் ஊறுகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, முன்பு குடியிருந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்.

நேரில் போகும்போது மூன்றை மட்டும் பார்த்தால் போதும். முதலாவது, ஜன்னல் கிரில்லின் அடிக்கம்பி. மேலே பெயிண்ட் அடித்து மினுக்கியிருப்பார்கள். தண்ணீர் வந்து தங்குகிற அடிப்பாகத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் உப்புக்காற்று நேராக வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். இரண்டாவது, தலைக்கு மேல் கான்கிரீட். பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, கம்பி போகும் வழியில் நீளமாக விரிசல் இருந்தாலோ அந்த வீடு வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் வீங்கும். வீங்கினால் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். மேலே சிமென்ட் பூசினால் அது நிற்காது. மூன்றாவது, கிணறு.

கிணற்றுத் தண்ணீரைக் கோடை முடிவில், மே மாதத்தில் வாயில் விட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும். கடற்கரை மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் உப்புத்தண்ணீர் நாற்பது அடி வரைக்கும் ஏற இடமுண்டு என்பது கணக்கு. அதனால்தான் பெரிய மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைக்கிற வீட்டில் கிணறு சீக்கிரம் கெடுகிறது. சின்ன மோட்டார், காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று இறையுங்கள். உப்பேறின தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, எந்தெந்த நாளில் வருகிறது, அன்றைக்கு மின்சாரம் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கடலோரத்தில் அதற்குள் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: கிரில், கேட், மோட்டார், குழாய் இவை துருப்பிடித்தால் யார் செலவு? குடியேறுகிற அன்றைக்கே எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்கிற அன்று வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் துருவை வைத்துத்தான் வருகிறது.

உப்பு

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிழைப்பே இரும்பில் ஓடுகிறது. திருப்பூரில் மெஷினுக்கு எண்ணெய் விடுவது மாசத்துக்கு ஒருமுறை நினைவு வந்தால் செய்கிற காரியம். இங்கே ராத்திரி ஊசியை மெஷினில் அப்படியே விட்டால், காலையில் அதன் முனைக்கு மேல் பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏறியிருக்கும். அந்த ஊசியால் வெள்ளைத் துணியைத் தொட்டால் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு புள்ளி விழும். தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்குகிற பெண் குழந்தைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்கிற சீசனில் நான் குண்டூசியே தொடுவதில்லை. நூலால்தான் ஓட்டி வைக்கிறேன்.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதைச் சமாளிக்கிற வழி தானாகத் தெரியும். காற்றில் ஈரப்பதம் முக்கால்வாசியை, அதாவது 75 சதவீதத்தைத் தாண்டினால், சாமான் மேல் படிந்திருக்கிற உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். இங்கே ராத்திரியில் அநேகமாக எல்லா நாளும் அந்த அளவைத் தாண்டும். அப்போது கம்பி மேல், ஊசி மேல், ஸ்கூட்டர் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர் ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். அதனால் உலர்ந்த துணியால் துடைப்பதில் பிரயோஜனம் இல்லை. உப்பைத் தேய்த்துப் பரப்புகிறோம், அவ்வளவுதான். எண்ணெயை நேராக மேலே தடவினாலும் உப்பு அடியில் மாட்டிக்கொள்ளும்.

வரிசை இதுதான்: முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. அடுத்து உலர்ந்த துணி. நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய்.

மெஷின் வைத்திருப்பவர்கள் சாயங்காலம் வேலை முடித்ததும் பாபின் கேஸைக் கழற்றி, பல் இருக்கிற இடத்தில் சேர்ந்த பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். அந்தப் பஞ்சுதான் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். கொக்கி சுற்றுகிற இடத்தில் ஒரு சொட்டு மெஷின் ஆயில். வேஸ்ட் துணியில் கொஞ்ச தூரம் ஓட்டி மிச்ச எண்ணெயை உறிஞ்ச விடுங்கள். ஊசியைக் கழற்றி, எண்ணெய் தொட்ட துணியில் குத்தி, மூடி இறுகுகிற டப்பாவில் வையுங்கள். கத்தரிக்கோலுக்கும் அதே டப்பா, அதே எண்ணெய்த்துணி. மெஷினைப் பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். பழைய பருத்திப் புடவை போதும்.

துணியில் துருக்கறை விழுந்துவிட்டால் பிளீச்சிங் பக்கம் போகவே கூடாது. கறை அப்படியே நிலைத்துவிடும். எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் கறை மேல் வைத்து, வெயிலில் போட்டு, காயக் காய மறுபடி சாறு விடுங்கள். வெள்ளைப் பருத்தியில் நன்றாகப் போகும். கலர்த் துணியில் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள்.

மற்றச் சாமான்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூட்டு பித்தளையில் வாங்குங்கள். துணி ஹேங்கர் பிளாஸ்டிக், பை ஜிப் நைலான், ரவிக்கை ஊக்கு பித்தளை. கேஸ் சிலிண்டரை நேராகத் தரையில் வைத்தால் டைல்ஸில் வட்டமாகத் துரு பதியும், பிளாஸ்டிக் ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். இரும்புப் பீரோ கொண்டு வராதீர்கள், மரம் அல்லது பிவிசி. ஸ்கூட்டரைக் கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்த அன்றைக்கே அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடியுங்கள். மேலே பளபளப்பாகத் துடைத்துவிட்டு அடியை மறந்தால் சைலன்ஸரும் பிரேக் கம்பியும்தான் முதலில் போகும்.

ஏசி போடுவதானால் வெளிப்பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டவே வேண்டாம். மாட்டுகிறவர் தனக்கு எது வசதியோ அதைத்தான் சொல்வார். அந்தப் பெட்டியில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கின்றன. ரெண்டு உலோகத்துக்கு நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம் பொடியாக உதிரும். வாங்குவதற்கு முன் உத்தரவாதச் சீட்டைக் கடைசி வரிவரை படியுங்கள். நாங்கள் வாங்கின பிரிட்ஜில் பட்டுத்தான் இதைக் கற்றோம். விற்கும்போது எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் என்றார்கள். பின்பக்கத்தில் குழாய் துருப்பிடித்து வாயு கசிந்தபோது, கடலோர வீட்டுக்கு அது பொருந்தாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்த வரி சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. விற்கும்போதே வாய்திறந்து சொல்ல வேண்டிய விஷயம் அது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

துணி, தானியம், காகிதம்

துணி காயப்போடுகிற நேரம் முக்கியம். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பதினொரு மணி வாக்கில் திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். அதற்குள் துணியை எடுத்துவிட்டால் மொடமொடவென்று இருக்கும். மத்தியானம் வரை விட்டால் காய்ந்த மாதிரி தெரியும், மடித்து வைத்தால் ராத்திரி பிசுபிசுக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று நாள் முழுக்கக் கடல் பக்கத்திலிருந்தே அடிக்கும். அப்போது வெளியே போடவே வேண்டாம். வந்த புதுசில் நான் கொடியில் துணி போடுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “மக்களே, இப்பம் போடாத, கச்சான் அடிக்குது பாத்தியா?” என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு கொடி, அதற்கு நேரே ஒரு பேன். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஊரிலிருந்து மூட்டையாக அரிசி, பருப்பு கொண்டு வராதீர்கள். ஒரு மாசத்துக்கு மேல் தாங்காது. மிளகாய், மல்லி வறுத்து அரைப்பதைத் தை, மாசி வெயிலில் முடித்து, மூடி இறுகுகிற பாட்டிலில் போட்டு வைக்கலாம். கல்லுப்பு மண்பரணியில் கிடக்கட்டும், தூள் உப்பு கட்டிதட்டும். பட்டுப்புடவை பீரோவில் வருஷக்கணக்கில் உறங்கக் கூடாது. மழை விட்ட நாளில் எடுத்து நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள். படிப்புச் சான்றிதழ், பத்திரம் எல்லாம் ஜிப் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. தோல் செருப்பு, தோல் பெல்ட் இங்கே வேண்டாம். ஒரு மழைக்குப் பூத்துவிடும்.

மின்சாரம்

பெருமழைக்கு மின்சாரம் போவது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே முதல் தூறலுக்கே போகும், அது புதிதாக வந்தவர்களுக்குக் கோபத்தைக் கிளப்பும். காரணம் இருக்கிறது. வெயில் காலம் முழுக்கக் கம்பத்தின் பீங்கானில் உப்பு படிந்திருக்கும். நன்றாக அடித்துப் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். லேசான தூறல் அதை நனைக்க மட்டும் செய்யும். நனைந்த உப்பு வழியே மின்சாரம் தாண்டி, லைன் டிரிப் ஆகிவிடும். தென்னை மட்டை விழுந்து அறுவது தனிக் கணக்கு. புகார் சொல்ல மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 எந்த நேரமும் எடுக்கும், மீட்டர் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஐப்பசியில் சாயங்கால இடிமழை பலமாக இருக்கும். வானம் கறுக்கும்போதே டிவி, மோடம், மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஊர் நேரம், ஊர்ப் பணம்

பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றார், வரவில்லை. கார்பெண்டர் முன்பணம் வாங்கினார், ஆளைக் காணோம். வெளியூரிலிருந்து வந்த எல்லார் வாயிலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். நானும் மனம் நொந்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கடற்கரை ஊர்களில் வயரிங், பெயிண்ட் வேலை தெரிந்த பலர் கடலுக்கும் போகிறவர்கள். சாளை (மத்தி மீன்) கூட்டமாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் உங்கள் குழாய்க்காக யார் கரையில் நிற்பார்கள்? போனில் மாறி மாறிக் கூப்பிடுவதைவிட, சாயங்காலம் அவர் வீட்டுக்கே நடந்து போய், வீட்டுப் பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். நாள் அவர்கள் சொல்வார்கள், அந்த நாளில் ஆள் வரும். கடல் மூடியிருக்கிற நாளைப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் துறைமுக விசைப்படகுகள் அப்போது நிற்கும். மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் அப்போது நிற்கும். ரெண்டும் 61 நாள். வள்ளமும் (நாட்டுப்படகு) கட்டுமரமும் போகலாம், ஆனால் ஆனி, ஆடிக் கடல் அதற்கும் எல்லா நாளும் இடம் கொடுக்காது. அந்த மாசங்களில் ஊரில் கையில் காசு இருக்காது. நீங்கள் கடை வைத்தாலும், டியூஷன் எடுத்தாலும், என்னைப் போலத் தைத்தாலும் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடைக்கு ஆர்டர் குவியும், பணம் மட்டும் ஆவணியில் வரும். “நல்ல பாடு கெடச்சா ஒண்ணா தாறேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாடு என்றால் வலையில் கிடைக்கிற மீன். நோட்டில் எழுதிக்கொள்கிறேன். வந்துவிடுகிறது. ஜூன், ஜூலைக்கு நூல், லைனிங் வாங்கத் தேவையான பணத்தை ஏப்ரலிலேயே ஒதுக்கி வைத்தால் நமக்கும் நெருக்கடி இல்லை, அவர்களை நச்சரிக்கவும் வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரும்பாலான கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போவதில்லை. கோயில் (தேவாலயத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மணியும் ஒலிபெருக்கிப் பாட்டும் விடியுமுன்னே தொடங்கும். திருவிழா வந்தால் பத்து நாளும் ராத்திரி வரைக்கும் உண்டு. காலையில் தூங்கியே ஆக வேண்டியவர்கள் கோயிலிலிருந்து தள்ளி வீடு பாருங்கள். அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஊரில் பேசுவது சரியில்லை என்பது என் கருத்து. கடல் எச்சரிக்கை, காணாமல் போன வள்ளம், ரத்தம் தேவை என்கிற செய்தி எல்லாம் அதே ஒலிபெருக்கியில்தான் வருகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் போனவர்களின் வீடுகள் இந்தத் தெருக்களில் இருக்கின்றன. அந்த அறிவிப்புக்காகக் காது கொடுத்துப் பழகின ஊர் இது.

கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை. கடைசி நாள் மாவட்டத்துக்கே விடுமுறை. மாசியில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் திருவிழா, இங்கே கொடை என்பார்கள். அந்த நாட்களில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, ஆஸ்பத்திரி, ஆபீஸ் வேலைகளை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வந்த வாரத்திலேயே பங்குத்தந்தையை, அதாவது தேவாலயப் பாதிரியாரை, போய்ப் பார்த்து, யார், எந்த வீட்டில் இருக்கிறோம், என்ன வேலை என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. கடற்கரை ஊர்களில் ஊர்க்காரியம் பெரும்பாலும் பங்கைச் சுற்றித்தான் நடக்கிறது. எந்த ஊரு, எத்தனை பிள்ளைகள், ஏன் இன்னும் ஒன்றுதான், வீட்டுக்காரருக்கு எவ்வளவு சம்பளம் என்று எல்லாரும் கேட்பார்கள். முகம் சுளிக்காமல் சொல்ல விரும்புகிறதைச் சொல்லுங்கள், நீங்களும் திருப்பிக் கேளுங்கள். பெரியவர்களை அக்கா, அண்ணன், மாமா, மாமி என்று கூப்பிட்டால் போதும். வலை உலர்த்தியிருக்கிற மணலில் குறுக்கே நடக்காதீர்கள். கரமடி (கரையிலிருந்து இழுக்கிற வலை) இழுக்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வண்டியை வள்ளம் ஏற்றுகிற வழியில் நிறுத்தாதீர்கள், ராத்திரி ரெண்டு மணிக்கும் அந்த வழி வேண்டியிருக்கும்.

மீன் வாங்க

ஆட்டுக்கறி, கோழிக்கறி தவிர வேறு தெரியாத வீட்டிலிருந்து வந்தவள் நான், அதனால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். கரையில் ஏலம் முடிந்ததும் பெண்கள் சட்டியில் எடுத்துத் தெருவுக்கு வருவார்கள். ஒருவரையே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். விலையைப் பாதியிலிருந்து பேசுகிற பழக்கம் வேண்டாம். ரெண்டு வாரம் அவரிடமே வாங்கினால், மூன்றாவது வாரம், “இது உனக்கு வேண்டாம் பிள்ளே, நாளைக்கு நல்லது கொண்டாறேன்” என்று அவரே சொல்வார்.

கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். சாளைக்கு வயிறு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சாளை, அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி மூன்றும் பழகுகிறவர்களுக்கு நல்லது. சூரைக்கு மட்டும் தனி எச்சரிக்கை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஒருவகை நஞ்சு உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், தலை இடிக்கும். அயிலையிலும் இது வரலாம். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள். வெட்டும்போது கழிவை முற்றத்தில் போட்டால் ஈ மொய்க்கும். தென்னை மூட்டில் குழிதோண்டிப் புதையுங்கள், மரமும் காய்க்கும்.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக்கறியும் சேர்த்துச் சாப்பிடப் பழகிவிட்டால் காய்கறி இல்லாத மழைநாள் ஒரு குறையாகத் தெரியாது. காய்கறிக்கு வடசேரி சந்தை, பலசரக்கு மொத்தமாக வாங்கக் கோட்டார். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் நான் நாகர்கோவில் போகிற நாளில் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுவேன். ரயிலுக்கு எங்களுக்குக் கிட்ட இரணியல்.

விருந்தாளிகளும் கடலும்

கடலோரத்தில் வீடு என்று தெரிந்ததும் லீவுக்குச் சொந்தங்கள் வரும். சந்தோஷம்தான். ஆனால் மலையிலும் சமவெளியிலும் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஒரு பெரிய குளமாகத்தான் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் பார்க்காமல் கறாராக இருங்கள்.

ஊர்க்காரர்கள் குளிக்கிற இடம் தவிர வேறு எங்கும் இறங்கக் கூடாது. முட்டம் பாறையில் அலை நனைத்த இடத்துக்குப் போகக் கூடாது. வானம் நீலமாக, காற்றே இல்லாமல் இருந்தாலும் திடீரென்று கடல் ஏறி வரும். அதற்கு இங்கே கள்ளக்கடல் என்று பெயர். ரொம்பத் தொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்றில் எழும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேருகிறது. அதனால்தான் நம் கரையில் அதற்கு எந்த அறிகுறியும் தெரியாது. கோடையில், ஏப்ரல், மே மாதங்களில் இது அடிக்கடி வரும். அதே மாதங்களில்தான் பள்ளி விடுமுறையும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, டிவியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று மலைப்பக்கம் போய்விடுங்கள்.

உடம்புக்கு

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியே ஏறுகிறது. வெறுங்காலோடு முற்றத்துத் தண்ணீரில் நிற்காதீர்கள், வெடிப்பு இருந்தால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது. கொசுவலை கண்டிப்பாக வேண்டும், ஜன்னலுக்கு அடிக்கிற வலை நைலானாக இருக்கட்டும், இரும்பு வலை ஒரு வருஷம் தாங்காது.

ஊருக்குப் போகும்போது

நாலு நாளுக்கு மேல் பூட்டிவிட்டுப் போவதென்றால், மெயின் சுவிட்சை நிறுத்தி, பிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடிவிட்டுப் போனால் உள்ளே பூசணம் பிடித்துவிடும். பீரோ கதவும் அப்படியே. மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். தொட்டியில் மீதித் தண்ணீர் இருந்தால் மூடியை இறுக்குங்கள், இல்லாவிட்டால் கொசு பெருகும். ஸ்கூட்டரைக் கழுவிக் காயவிட்டு, வீட்டுக்குள் ஏற்றுங்கள். பூட்டுக்குள் ரெண்டு சொட்டு மெஷின் ஆயில்.

சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். ரெண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்து, பதினொரு மணிக்கு முன்னால் மூடச் சொல்லுங்கள். எந்த நாள் திரும்புகிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தால் உங்கள் குடத்திலும் பிடித்து வைத்திருப்பார்கள்.